நாற்பத்திரண்டாம் பக்கம்

"அந்தப் புத்தகத்தைக் கீழே வைங்க."

மேனேஜரம்மாவின் குரலில் கடையே அடங்கிப்போனது. மலைப்பாதை வழிகாட்டி அலமாரிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்த பெரியவர், கையிலிருந்த பேனாவை மெல்ல மூடினார்.

தேசியப் பூங்காவின் வாசலை ஒட்டிய புத்தகக் கடை அது. மூன்று வாரமாக ஒரே புகார். வழிகாட்டியை வாங்கிப் போனவர்கள், உள்ளே யாரோ கிறுக்கியிருக்கிறார்கள் என்று திருப்பிக் கொண்டுவந்தார்கள். மாற்றிக் கொடுத்த பிரதியிலும் அதே கிறுக்கல். கேமராவைப் பார்த்தபோது, செவ்வாய்தோறும் வந்து ஒன்றும் வாங்காமல் போகும் இந்தப் பெரியவர் தெரிந்தார். இன்று கையும் களவுமாக அகப்பட்டுவிட்டார்.

வாட்ச்மேன் கதவை மறித்து நின்றார். மேனேஜரம்மா போலீசைக் கூப்பிடப்போவதாகச் சொல்லிக்கொண்டே புத்தகத்தைப் பிடுங்கிப் பிரித்தார்.

நாற்பத்திரண்டாம் பக்கம். 'எட்டாவது கிலோமீட்டரில் ஊற்று உண்டு, தண்ணீர் சுமக்கத் தேவையில்லை' என்ற வரி அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் பொடி எழுத்தில், 'ஊற்று வற்றிவிட்டது. ஆளுக்கு மூன்று லிட்டர் எடுத்துப் போகவும்.'

"போன மாசம் ஒரு புருஷன் பொண்டாட்டி இதை நம்பி வெறுங்கையோட ஏறிட்டாங்கம்மா. அந்தப் பொண்ணு மயங்கி விழுந்து, ஸ்ட்ரெச்சர்லதான் இறக்கினாங்க" என்றார் பெரியவர்.

கல்லா பக்கம் வரிசையில் நின்ற டீச்சர் முகம் வெளுத்தது. நாளைக்கு நாற்பது பிள்ளைகளை அந்த வழியாகத்தான் கூட்டிப்போகிறாராம். அவர் கையில் ஐந்து வழிகாட்டிகள்.

"அதுல இன்னும் திருத்தலை. குடுங்கம்மா" என்று பெரியவர் கை நீட்டினார்.

மேனேஜரம்மா குறுக்கே வந்தார். இத்தனை பேர் பார்க்கும்போது விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

"தப்பா இருந்தா எழுதினவர் திருத்தட்டும். அடுத்தவர் புத்தகத்துல கை வைக்க நீங்க யாரு?"

பெரியவர் மேனேஜரம்மா கையிலிருந்த புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். பின் அட்டையில் ஆசிரியரின் படம். அதே மூக்கு, அதே ஏறு நெற்றி. மீசை மட்டும் அங்கே கறுப்பாக இருந்தது.

வாட்ச்மேன் கதவை விட்டு நகர்ந்தார்.

"நான் எழுதினப்போ ஊற்று இருந்துச்சு. வத்தினதும், இதை அச்சுப்போட்டு விக்கிற இந்தக் கடைக்கே ரெண்டு கடிதம் போட்டேன். இருக்கிற பிரதி எல்லாம் வித்துத் தீரட்டும், அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்னு பதில் வந்துச்சு" என்றார். "கீழே போட்டிருந்த கையெழுத்து யாரோடதுன்னு புரியலை. புரிஞ்சிருந்தா நேர்லயே வந்து கெஞ்சியிருப்பேன்."

டீச்சர் ஐந்து புத்தகத்தையும் அவர் முன்னால் வைத்தார். எல்லோரும் மேனேஜரம்மாவைப் பார்த்தார்கள்.

அவர் தலை நிமிரவில்லை. அந்தக் கையெழுத்தைப் போட்டவர் அவர்தான்.