ஆறு நிமிடப் பரீட்சை

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் முப்பது மீட்டர் இடைவெளியில் இரண்டு ஆரஞ்சு நிறக் கூம்புகள். ஒன்பது வயது மகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு விறுவிறுவென நடந்துகொண்டிருந்தாள். ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடக்கிறாள் என்பதுதான் கணக்கு.

அப்பா சுவரோரம் நின்று வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டிருந்தார். பேர்போன டியூஷன் வாத்தியார். தன்னிடம் படித்த ஒரு பிள்ளையும் தோற்றதில்லை என்று மார்தட்டிக்கொள்கிற ஆள்.

போன வருடம் அவளுக்குச் சாதாரணக் காய்ச்சல்தான் வந்தது. வந்த சுவடு தெரியாமல் போனது. நாலு வாரம் கழித்துத் திரும்பி வந்து இதயத்தையே வீங்க வைத்தது. பிழைத்ததே பெரிய காரியம் என்றார்கள்.

அவருக்கு அது போதவில்லை. வாத்தியார் வீட்டுப் பிள்ளை, விளையாட்டு நேரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதா?

மூன்று மாதத்துக்கு முன் இதே தாழ்வாரத்தில் முந்நூற்று நாற்பது மீட்டர்தான் நடந்தாள். டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். அப்பாவுக்கு மூக்கறுபட்டது போலிருந்தது.

இன்று ஐந்நூற்றுப் பத்து.

டாக்டருக்கு வாயெல்லாம் பல். இதய வீக்கம் முழுக்க வடிந்துவிட்டதா என்று ஸ்கேனில் உறுதியாகத் தெரியவில்லை, பிள்ளை நடப்பதையும் சொல்வதையும் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்றார். பிறகு அவளிடம் குனிந்தார்.

"நெஞ்சுல எங்கயாவது வலிக்குதா கண்ணு?"

அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, சிரித்த முகமாக, இல்லை என்று தலையாட்டினாள்.

மாத்திரையை நிறுத்தலாம், ஓட்டப்பந்தயத்துக்கும் அனுப்பலாம் என்று எழுதி டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

படியிறங்கும்போது அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்று மாத உழைப்பு அல்லவா? வீட்டுக்குப் பின்னால் சந்தில் டேப் பிடித்து அளந்த முப்பது மீட்டர். கூம்புக்குப் பதில் இரண்டு சிவப்பு வாளிகள். காலையில் இரண்டு தடவை, சாயங்காலம் இரண்டு தடவை. நடந்து முடித்ததும் கையை எங்கே வைத்துக்கொள்வது, டாக்டர் என்ன கேட்பார், அதற்கு என்ன பதில் என்பது வரை மனப்பாடம்.

கடைசிப் படியில் மகள் உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது. அப்பா காகிதத்தை மறுபடியும் முதலிலிருந்து வாசித்துக்கொண்டிருந்தார்.

அவள் திரும்பி, மேலே மருத்துவமனைக் கதவருகே யாரும் நிற்கவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டாள். பிறகு, பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோல் மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, இப்ப வலிக்கலாமா?"