ஓரமாக வந்த வெங்காயத்தாமரை

மீன் பேசுமா என்று கேட்காதீர்கள். மூச்சு முட்டினால் எதுவும் பேசும்.

மங்கையர்க்கரசி அம்மாள் வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் ஒரு கெண்டை தனியாகக் குடியிருந்தது. அம்மாள் ஊதாப் பூவுக்கு ஆசைப்பட்டு, ஒரு வெங்காயத்தாமரையைக் கொண்டுவந்து அதில் மிதக்கவிட்டாள்.

"கொஞ்சம் ஓரமா இருந்துக்கிறேன் அண்ணே," என்றது செடி.

"ஓரமென்ன, நடுவிலேயே இரு தாயி. வெயில் மண்டையைப் பிளக்குது."

நிழல் சுகமாகத்தான் இருந்தது. செடி பிள்ளை பெற்றது, பிள்ளை பேரன் பெற்றது. அம்மாள் வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கன்று கொடுத்தனுப்பியும், தண்ணீரே தெரியாமல் மூடிவிட்டது.

"தாயி, கொஞ்சம் நகரேன். செத்துருவேன்."

"எங்கே நகர? எல்லாம் என் பிள்ளைங்க. ஒண்டிக்கட்டை நீதான் அனுசரிச்சுப் போகணும்."

கடைசியில் அம்மாளுக்கே அலுத்துவிட்டது. ஆனாலும் இளகிய மனசு. உயிருள்ளதைக் காயப்போட்டுக் கொல்வது பாவமென்று, செடி, மீன் எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் அள்ளிப்போய் ஊர் ஏரியில் விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எவ்வளவு தண்ணீர்! கெண்டைக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குள் மேலே ஒரு குரல் கேட்டது.

"கொஞ்சம் ஓரமா இருந்துக்கிறேன் அண்ணே."

ஏரியின் கிழட்டு விரால் வாலை ஆட்டியது. "நடுவிலேயே இரு தாயி. வெயில் தாங்கலை."

"ஐயோ, விடாதீங்க!" என்று கெண்டை அலறியது.

விரால் அதை ஏற இறங்கப் பார்த்தது. "நீயே இப்பத்தான் வந்திருக்கே. அதுக்குள்ள அடுத்தவங்க வந்தா வயிறு எரியுதோ?"