செத்தவன் திரும்பி வரும் படம்

காலத்தில் முன்னும் பின்னும் தாவுகிற படமென்றால் எழிலுக்கு உயிர். வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அவள் புருஷன் முனியராஜுக்கோ ஒன்றும் விளங்காது. ஞாயிறு மதியம் ஒரே படத்தைப் போட்டு, அவனுக்குச் சொல்லிச் சொல்லி அவள் வாய் வலித்ததுதான் மிச்சம்.

கம்பெனியில் மருந்தறைக்குள் நுழையுமுன், உடம்பிலுள்ள மின்சாரம் இறங்க வாசலிலிருக்கும் செம்புத் தகட்டைத் தொடவேண்டும். அந்தப் பழக்கத்தில் வீட்டுக்குள் வரும்போதும் நிலையருகே சுவரைத் தொட்டுவிட்டுத்தான் வருவான். அலுமினியப் பொடி படிந்த ஐந்து விரலும் அங்கே பதிந்து மினுமினுக்கும்.

வெடிவிபத்தில் அவன் போய் இரண்டு வருஷமாகிறது. சுவருக்கு வெள்ளையும் அடித்தாயிற்று. ஆனாலும் ஞாயிறு மதியம் அவள் படத்தைப் போட்டதும், சுவரில் ஐந்து விரல் புதிதாக விழுகிறது. பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலி லேசாக முனகுகிறது.

இன்றும் படத்தில் செத்தவன் கதவைத் திறந்துகொண்டு வந்தான். நாற்காலியிலிருந்து அதே கேள்வி வந்தது.

"எழிலு, இவந்தான் செத்துட்டான்ல? பெறகு எப்பிடி வாரான்?"

அவளுக்கு விடை தெரியும். அவனுக்கு விளங்கிவிட்டால் அப்புறம் எதற்கு வருவான்?

"எனக்கும் வெளங்கலங்க," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அடுத்த ஞாயித்துக்கெளம வாங்க, இன்னொரு தடவ பாப்போம்."