கல்லும் சிப்பும்

ஒரு கார்ட்லெஸ் போனுக்குள்ளே ஒரு குவார்ட்ஸ் கல்லும் ஒரு சிப்பும் குடியிருந்தன. கல் ஒரே கதியில் தாளம் தட்டும். ஆயிரம் தட்டுக்கு ஒரு தரம் அதைத் திரும்பிப் பார் என்று, போனை ஆன் செய்ததுமே சிப்புக்கு உத்தரவு வந்துவிடும். அப்படிப் பார்த்துத்தான் அது சுருதி விலகாமல் பாடும். அந்தப் பாட்டில் ஏறித்தான் பேச்சு வரும், போகும்.

"என்னைக் கொஞ்சம் விடேன்," என்று ஒருநாள் சலித்துக்கொண்டது சிப்.

"நான் எங்கே பிடித்தேன்? நீதானே திரும்பித் திரும்பிப் பார்க்கிறாய்!"

சிப் பார்ப்பதை விட்டது. சுருதி விலகி அப்படியே மிதந்தது. யார் வீட்டுத் தாலாட்டோ, எங்கேயோ ஒரு சிரிப்பு, அப்புறம் கடல் மாதிரி இரைச்சல். ஆகா!

"பூங்கோதை, டாக்டர் என்ன சொன்னார்? ஹலோ! ஹலோ!" போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கத்தினாள் அம்மா.

சிப் பதறிப்போய்த் திரும்பியது. கல் அதே கதியில் தட்டிக்கொண்டிருந்தது.

"...பயப்பட ஒண்ணுமில்லையாம், அம்மா."