நூற்றெண்பது பாகை

“உம்மா, இஞ்ச கெதியா வாங்க! எல்லாரும் தலகீழாத் தொங்குறாங்க!”

ஹுஸ்னியாவின் சத்தம் கேட்டு சல்மா உம்மா அறைக்குள் ஓடி வந்தாள். அடுத்த வீட்டுச் சரீபாவும் பின்னாலேயே வந்தாள். மேசையில் இருந்த லெப்டொப் திரையில் பள்ளிவாசலின் உட்புறம் தெரிந்தது. கம்பளம் மேலே, மின்விசிறி கீழே. நடுவில், வெள்ளைத் தொப்பி போட்ட ஆண்கள் வௌவால் கூட்டம் போலத் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

“மாப்பிள்ளையுமா?” என்று கேட்டாள் சரீபா.

“அவர்தான் முன்னுக்குத் தொங்குறார்.”

சரீபா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சல்மா உம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

நிக்காஹ் நடப்பது பள்ளிவாசலில். பெண்கள் இருப்பது வீட்டில். நிந்தவூரில் அந்தத் தெருப் பெண்கள் எத்தனையோ நிக்காஹ்களை ஒலிபெருக்கியில் கேட்டிருக்கிறார்கள். ஒன்றைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. இன்றைக்குக் கண்டே ஆக வேண்டும் என்றுதான் ஹுஸ்னியா மூன்று மாதம் பாடுபட்டாள். ஓஎல் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள், யூடியூபைப் பார்த்து ஜாவாஸ்கிரிப்ட் எழுதப் பழகினாள். சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு சின்னக் கொம்பியூட்டர். அதன் நெற்றியில் ஒரு கெமரா. வினாடிக்கு ஒரு படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லி அதற்கு எழுதி வைத்திருந்தாள். நிர்வாகத்தாரிடம் அனுமதி கேட்டு, அதைப் பள்ளிவாசல் தூணில் கட்டியவர் பர்ஸான் மாமா.

“மாமா அத மேல் கீழாக் கட்டிட்டார் உம்மா.”

“கோல் எடுத்துச் சொல்லன் புள்ள.”

“போன ஓஃப் பண்ணிட்டுத்தான் பள்ளிக்குள்ள போவார்.”

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. நிக்காஹ் குத்பா உரை தொடங்கிவிட்டது. அது முடிந்தால் மாப்பிள்ளையின் கை பிடிப்பதுதான். அரை நிமிட வேலை.

“இஞ்ச இரிந்தே திருப்பலாம். ஒரே ஒரு வரி எழுதினாப் போதும்” என்ற ஹுஸ்னியா தன் கைகளைப் பார்த்தாள். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை ஈர மருதோண்டி. இரவெல்லாம் கொம்பியூட்டரோடு கிடந்தவளைச் சரீபா இப்போதுதான் பிடித்து உட்கார வைத்து இட்டிருந்தாள்.

“கழுவிட்டு ஓடி வாறன்.”

“கிணத்தடி நிறைய மாப்பிள்ள ஊட்டாக்கள். அவங்களுக்கு ஸலாம் சொல்லி முடிய நிக்காஹும் முடிஞ்சிரும்” என்றாள் சரீபா. “இந்த நாளில வெளிறின கையோடயா சபையில நிக்கப் போறாய்? நீ சொல்லு, உம்மா அடிக்கட்டும்.”

“நானா?” சல்மா உம்மா இரண்டடி பின்னால் போனாள். “நான் எட்டாம் வகுப்பு. தொட்டு ஏதும் உடைஞ்சா?”

“ஏபீசீடி தெரியும்தானே?”

“அது தெரியும்.”

“அப்ப போதும். இரிங்க.”

சல்மா உம்மா கதிரையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிஸ்மி சொல்லி ஒரு விரலை நீட்டினாள். ஆர். ஓ. ரீ. ஏ. ஒவ்வோர் எழுத்தையும் அரிசியில் கல் தேடுவது போலத் தேடி அமத்தினாள்.

“இப்ப ரெண்டு புள்ளி, ஒண்டுக்கு மேல ஒண்டு. மறுகா நூத்தியெண்பது.”

“நூத்தியெண்பது என்னத்துக்கு?”

“பாதி வட்டம் கிறுகிறதுக்கு.”

சேவ் பண்ணியதும் திரை கறுத்தது. சிவப்பில் ஒரு வரி வந்தது.

“நான் சொன்னன்தானே! உடைச்சிட்டன்!” சல்மா உம்மா கையைச் சுட்டுக்கொண்டவள் போல இழுத்துக்கொண்டாள்.

குத்பா முடிந்து ஸலவாத்து ஓதுவது கேட்டது.

ஹுஸ்னியா மூக்கு திரையில் முட்டும்படி குனிந்து படித்தாள். “ஒண்டும் உடையல்ல. முந்தின வரிட கடைசில ஒரு கொமா வெக்கணும். வாலுள்ள புள்ளி. நான்தான் சொல்ல மறந்திட்டன். வையுங்க உம்மா, கெதியா!”

சல்மா உம்மா வைத்தாள்.

ஒரு வினாடி. இரண்டு வினாடி. திரையில் வெளிச்சம் பரவியது. கம்பளம் கீழே வந்திருந்தது. மின்விசிறி மேலே போயிருந்தது. எல்லாரும் தரையில் இருந்தார்கள்.

“சுப்ஹானல்லாஹ்” என்றாள் சரீபா மிக மெதுவாக.

“நான் இஞ்ச எழுதினது பள்ளிக்குள்ள அதுக்கு விளங்கிச்சா?” சல்மா உம்மா மகளைத் திரும்பிப் பார்த்தாள். “ஆரும் அதத் தொடல்லயே புள்ள!”

“ஆரும் தொடல்ல. நீங்க சொன்னீங்க, அது கேட்டிச்சு.”

சல்மா உம்மா திரையைத் தொடப் பயந்து அதன் விளிம்பை மட்டும் தொட்டாள். “வட்டமாவா இரிப்பாங்க? நான் இத்தின வருசமும் வரிசையா எண்டு நினைச்சன். அந்த நேரம் என்ட வாப்பா என்னக் குடுக்கக்குள்ள, சத்தம் மட்டும்தான் கேட்டன். அவர்ர முகம் எப்பிடி இரிந்திச்செண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியா.”

“இண்டைக்குப் பாருங்க உம்மா.”

ஹுஸ்னியாவின் வாப்பா மௌத்தாகி ஒன்பது வருடம். வட்டத்தின் நடுவில் பர்ஸான் மாமாதான் இருந்தார். அவருக்கு எதிரே அட்டாளைச்சேனை ஜவுபர், புதுச் சேர்ட்டும் குனிந்த தலையுமாக. அடுத்த படத்தில் மாமா அவருடைய வலது கையைப் பிடித்திருந்தார். அதற்கடுத்த படத்தில் மாமாவின் கண் கலங்கியிருந்தது.

ஒலிபெருக்கியில் மாமாவின் குரல் வந்தது. “என் கூடப் பிறந்த சகோதரி சல்மா உம்மாவை, பேசிய மஹருக்கு, உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன்.”

“ஏற்றுக்கொண்டேன்” என்று சொல்லி ஜவுபர் நிமிர்ந்து தூணைப் பார்க்க, அவரால் தன்னைக் காண முடியாது என்று தெரிந்தும், சல்மா உம்மா முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள்.