காலவேயின் வலது கை

'காலவே எறிந்தது வலது கையால்' என்று போனில் எழுதிவிட்டு, அனுப்பாமல் வைத்திருந்தார்.

பச்சைப் பொய்.

காலவே இடது கைக்காரன். அமெரிக்கக் கால்பந்து பார்க்கிற குழந்தைக்கும் அது தெரியும். பெயர்தான் கால்பந்து, வேலையெல்லாம் கைக்கு. அந்தக் கையால் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன் குவார்ட்டர்பேக். காலவே ஓய்வு பெற்று எத்தனையோ காலமாகிவிட்டது.

அவனைப் பற்றிய சண்டை ஓய்வு பெறவில்லை.

இணையத்தில் காலவே ஆடிய அணிக்கு ஒரு ரசிகர் குழு. அங்கே இவர் பெயர் கோச் சாம். கோச் சாம் சொன்னால் தகவல் தப்பாது என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைத்தான் அவர் அங்கே சம்பாதித்திருந்தார்.

திருப்பூர் காதர்பேட்டையில் அவர் சாமியப்பன். எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய சட்டைகளை மொத்தமாக விற்கிறவர். அமெரிக்காவை அட்டைப்பெட்டி முகவரியில் மட்டும் பார்த்திருக்கிறார்.

“ஏனுங், அந்த எர்லு வந்தானுங்ளா?”

கடைக்குள்ளே சட்டை மடித்துக்கொண்டிருந்த மனைவி கோகிலவாணி கேட்டாள்.

“அவன் வந்தா என்ன, வராட்டி என்ன?”

“அப்பறம் எதுக்குங் நிமிசத்துக்கொருக்கா போனப் பாக்கறீங்?”

போனைக் கவிழ்த்து வைத்தார்.

எர்ல் இவருடைய ஜென்ம விரோதி. முகம் தெரியாது. ஆற்றங்கரை ஊர் ஒன்றில் இருக்கிறான்.

இப்போது ஆடுகிற பையன்தான் குவார்ட்டர்பேக் என்பான். இவர் காலவே என்பார். தேசிய கீதத்தின்போது எதிர்ப்புக் காட்டி ஆட்டக்காரன் முட்டி போடலாமா என்று கொதிப்பான். அவன் முட்டி, அவன் இஷ்டம் என்பார். தேர்தல், துப்பாக்கி, பள்ளிக்கூடம், எல்லாவற்றிலும் அடிதடி. வெளிநாட்டுத் துணிக்கு வரியைத் தீட்டு என்று அவன் எழுதிய அன்றைக்கு மட்டும் இவர் சோறு உண்ணப் போகவில்லை.

'உனக்கெல்லாம் எந்த ஊரில்தான் ஓட்டு?' என்று ஒருமுறை கேட்டான்.

இவர் சொல்லவில்லை. திருப்பூர் வடக்கு.

போன வாரம் சண்டை சூடாக இருந்தபோது எர்ல் எழுதினான். 'இரு. வாசலில் தண்ணீர் ஏறிவிட்டது. பார்த்துவிட்டு வந்து உன்னைக் கவனிக்கிறேன்.'

அதோடு சரி.

ஆறு உடைத்துக்கொண்டது என்று செய்தியில் சொன்னார்கள். எர்லின் ஊரைச் சொன்னார்கள்.

'சௌக்கியமா?' என்று எழுதி, அழித்தார்.

வருஷக்கணக்காக அடிமாட்டு விலை பேசியவனிடம் திடீரென்று குசலம் விசாரித்தால், என்னவோ தள்ளிவிடப் பார்க்கிறான் என்றுதான் நினைப்பான்.

அதுகூடப் பரவாயில்லை.

கேட்டு, பதில் வராமல் போனால்?

கடைப் படியிறங்கிப் போகிற கிராக்கியைக் கூப்பிடக் கூடாது. அவன் காதில் விழுகிற மாதிரி எதையாவது தப்பாகச் சொல்ல வேண்டும். திருத்துவதற்காகவாவது திரும்புவான்.

திரும்ப முடிகிறவனாக இருந்தால்.

மேல் தட்டிலிருந்து ஒரு சட்டையை உருவினார். காலவே பந்தை எறிகிற படம். அச்சுப் போட்டவர் படத்தை இடவலம் மாற்றிவிட்டார். படத்தில் அவன் சட்டையில் எட்டாம் எண். எட்டைத் திருப்பினாலும் எட்டு, யார் கண்ணிலும் படவில்லை. கப்பலேறிப் போன பிறகுதான் காலவே வலது கையால் எறிவது தெரிந்தது. சரக்கு மொத்தமும் திரும்பி வந்து இவர் கடையில் சேர்ந்தது. ஒரு கைக்கு இத்தனை அமர்க்களமா என்று பார்க்கப் போய்த்தான் இவர் இந்த ஆட்டத்துக்குள் விழுந்தார்.

சட்டையைப் படமெடுத்தார். ஆதாரம் என்று சேர்த்தார்.

அனுப்பினார்.

விழுந்தது அடி.

'கோச் சாம் காலையிலேயே ஊற்றிக்கொண்டாரா?'

'இத்தனை நாள் இந்த ஆளையா நம்பினோம்?'

'அவர் கட்சியே இப்படித்தான். வலது எது, இடது எது என்று தெரியாது.'

ஒவ்வொரு பெயராகத் தள்ளிக்கொண்டே போனார். வசவுகளைப் படிக்கவில்லை. பெயர்களைத்தான் பார்த்தார்.

கோபிச் சந்தை வியாபாரி ஒருவர் வந்து உட்கார்ந்து, சட்டைக் கட்டைப் பிரித்துப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

“அண்ணா, நாஞ் சொன்ன வெலைக்குப் போட்டுக் குடுங். இன்னைக்கு நேத்தா வாங்கறேன்?”

“கட்டுபடியாகாதுங்.”

போன் அதிர்ந்தது.

எர்ல்.

பெயர் மட்டும்தான் கண்ணில் பட்டது. அதற்குக் கீழே இருந்ததைப் படிக்க முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றி, தட்டில் கிடந்த புதுச் சட்டையிலேயே துடைத்தார்.

“நீங்க சொன்ன வெலைக்கே எடுத்துக்குங்.”

வியாபாரி சட்டையைத் திருப்பினார். தையலை இழுத்துப் பார்த்தார். மோந்து பார்த்தார்.

“ஏனுங்ணா, சரக்குல ஏதாச்சும் கோளாறுங்ளா?”

உள்ளேயிருந்து கோகிலவாணி எழுந்து வந்தாள். இவர் முகத்தைப் பார்த்தாள். டீக்குச் சொல்ல வெளியே போனாள்.

அப்புறம்தான் படித்தார்.

'சாம் சொல்வது சரி. காலவே ஆடியபோது நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வலது கைதான்.'

மறுபடி படித்தார்.

இன்றைக்கு வெயில் என்று இவர் சொன்னால்கூட ஒத்துக்கொள்ளாத ஆள்.

குழு முழுக்கச் சிரித்தது. வெள்ளம் எர்லின் மண்டைக்குள்ளும் போய்விட்டது என்று ஒருவன் எழுதினான். எர்ல் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. வேறு யாருக்கும் சொல்லவில்லை.

இவருக்காக அடி வாங்க வந்திருக்கிறான்.

சாமியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்து எழுதினார்.

'தப்பு, கிழவா. இடது கை.'