கலைமகள் காத்திருக்கிறாள்

“அவ யாருன்னு சொல்லுங்க. சொன்னாத்தான் காபி” என்றாள் அமிர்தம். காபி டம்ளர் அவள் கையில் இருந்தது. துணிமணி அடைத்த பை காலடியில் இருந்தது.

வயலிலிருந்து வந்த வீரையனின் தோளிலிருந்து மண்வெட்டி நழுவி வாசல்படியில் விழுந்தது.

“எ... எவ?”

“என்னையே திருப்பிக் கேளுங்க! உங்க புது ஏஜெண்ட் எல்லாத்தையும் சொல்லிருச்சு.”

வீரையனின் போனுக்குள் ஒரு ஏஐ ஏஜெண்ட் இருந்தது. என்றைக்கு நாற்று விட்டார், எந்த வயலுக்கு என்ன உரம் போட்டார், என்ன வாங்க வேண்டும் என்று மூன்று வருஷமாக அவருக்காக ஞாபகம் வைத்திருந்தது அதுதான். அதை நடத்திய கம்பெனியை மூடப்போகிறார்களாம். நேற்றுத்தான் திருத்துறைப்பூண்டி செல்போன் கடையில், கூட்டத்தில் இடிபட்டு, அதன் ஞாபகத்தையெல்லாம் ஒரு புது ஏஜெண்டுக்கு மாற்றிக்கொண்டு வந்திருந்தார்.

“என்ன சொல்லுச்சு?” என்றார் வீரையன்.

“பேரோட சொல்லுச்சு.”

“என்ன பேரு?”

“கலைமகள்!”

“கலைமகளா? நல்லாக் கேட்டியா? கலைமகள்தானா?”

“காது நல்லாத்தான் இருக்கு எனக்கு.”

வீரையனின் முகம் தெளிந்தது. மண்வெட்டியை எடுத்துச் சுவரில் சாத்திவிட்டு, நிதானமாக நாற்காலியில் உட்கார்ந்தார். காபிக்குக்கூடக் கை நீட்டினார்.

“அப்படி ஒருத்திய எனக்குத் தெரியவே தெரியாது அமிர்தம்.”

அமிர்தம் டம்ளரைப் பின்னால் இழுத்துக்கொண்டு, அவர் போனை எடுத்து நீட்டினாள். “ஏப்பா, கலைமகளப் பத்திச் சொல்லு.”

“கலைமகள் நான்கு நாளாகக் கரையில் காத்திருக்கிறாள்” என்றது ஏஜெண்ட், செய்தி வாசிக்கிற குரலில். “வெள்ளிக்கிழமை அவளுக்கு மல்லிகைச் சரம் வாங்க வேண்டும். பச்சைதான் அவளுக்கு எடுப்பாக இருக்கும் என்றீர்கள். கலைமகள் இல்லாவிட்டால் எனக்கு ஏது சோறு என்று போன மாதம் அழுதீர்கள்.”

“அப்ப இருபத்திரண்டு வருஷமா இந்த வீட்டுல சோறு போட்டது யாரு? எந்தக் கரையில காத்திருக்கா? முள்ளியாத்தங்கரையிலயா?” அழக்கூடாது என்று வைராக்கியமாகத்தான் இருந்தாள். ஆனால் பூவை நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது. “எனக்கு ஒரு முழம் பூ வாங்கியாந்திருப்பீங்களா? பத்து மணி பஸ்ஸுக்கு நான் பூதலூர் போறேன். எங்கண்ணன் வீட்டுக்கு.”

“கற்பூரத்தக் கொண்டா!” என்று வீரையன் எழுந்தார்.

சாமி அலமாரியிலிருந்து அவரே டப்பாவை எடுத்தார். தட்டில் ஒரு கட்டியை வைத்துக் கொளுத்தினார்.

“கலைமகள்ங்கிறவள நான் கண்ணால பாத்ததில்ல, மனசாலயும் நெனச்சதில்ல. இது பொய்யின்னா என் வயல்ல ஒரு நெல்லு விளையக் கூடாது!”

படாரென்று கற்பூரத்தை அடித்து அணைத்தார். உள்ளங்கை சிவந்துவிட்டது.

அமிர்தத்துக்கு மனசு ஆட்டம் கண்டது. அவளுக்குத் தெரிந்து வீரையன் சாமிக்குப் பயந்தவர். தப்பை வைத்துக்கொண்டு கற்பூரத்தின் பக்கமே போக மாட்டார்.

அப்போது அவளுடைய போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

“அமிர்தம் அக்காவா? நான் ஆறுகாட்டுத்துறையிலேருந்து நாகம்மா பேசுறேங்க. எங்க போன்ல இருக்க ஏஜெண்ட்தான் உங்க நம்பரக் குடுத்துச்சு. நேத்து கடையில ஞாபகத்த மாத்தி ஏத்திப்புட்டாங்கக்கா. உங்க வூட்டு ஞாபகம் எங்களுக்கு வந்துருச்சு, எங்களது உங்களுக்கு வந்துருக்கும். வரப்பு வெட்டியாச்சா, மடைய அடைச்சாச்சான்னு காலையிலேருந்து எங்க வூட்டுக்காரர அரிச்செடுக்குது. கடக்கரையில அவரு எங்கக்கா போயி மடைய அடைப்பாரு?”

“அப்ப... கலைமகள்?”

“எங்க படகுக்கா! இஞ்சின் பழுதாயி நாலு நாளாக் கரையிலயே கெடக்கு.”

அமிர்தத்துக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பையைக் காலால் உள்ளே தள்ளினாள். ஆறிப்போன காபியை வீரையன் கையில் கொடுத்தாள்.

“நான்தான் சொன்னேன்ல!” என்று வீரையன் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். ஒரு மடக்குக் குடித்தார். சட்டென்று காலை இறக்கினார். “சரி சரி, போன வை அமிர்தம். அவங்களுக்கும் வேலை கெடக்கும்.”

“இருங்கக்கா, ஒண்ணு கேக்கணும்” என்றாள் நாகம்மா. “நீங்களும் எங்களாட்டம் பொம்பளப் பேருதான் வச்சிருக்கீங்க போலருக்கு. பிரகதீஸ்வரி காத்திருக்கிறாள், பிரகதீஸ்வரிக்குப் பூ வாங்குங்கள்னு ஓயாமக் கத்துது. அது உங்க டிராக்டருங்களா?”

வீரையனுக்கு டிராக்டர் கிடையாது. அமிர்தம் கற்பூர டப்பாவைத் திறந்து, இன்னொரு கட்டியை எடுத்துத் தட்டில் வைத்தாள்.